இரண்டு மோடம், ஒரு ரூட்டர்: மாற்று இணைய அமைப்பில் ஈதர்நெட் கேபிள்களை இணைக்கும் முறை

இரண்டு வேறு நிறுவனங்களிடமிருந்து இணைய இணைப்பு வாங்கி, ஒன்று நின்றால் மற்றொன்று தானாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று விரும்பும் சிறு அலுவலகம், கிளினிக், கடை, பயிற்சி மையம் போன்ற இடங்களுக்கானது இந்த வழிகாட்டி. இரண்டு மோடம்கள், இரண்டு வேன் போர்ட்டுகள் (WAN, வெளி இணையம் வந்து சேரும் துளைகள்) உள்ள ஒரு ரூட்டர், ஒரு ஸ்விட்ச் (பல கணினிகளைக் கேபிள் வழியே ஒரே வலையில் சேர்க்கும் பெட்டி), இவற்றை இணைக்கும் ஈதர்நெட் கேபிள்கள் ஆகியவையே இங்கே பேசப்படும் அமைப்பு. ஃபைபர் இணைப்பின் முனையில் சேவை நிறுவனம் வைக்கும் ஓ.என்.டி. பெட்டியையும் வழக்கத்தையொட்டி மோடம் என்றே குறிப்பிடுகிறேன்.

மொத்தம் நான்கைந்து கேபிள்கள்தான் என்றாலும், புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் திணறுகிறார்கள். அதற்குக் காரணம் வரிசை தவறுவது. எல்லாக் கேபிள்களையும் செருகி, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்த பிறகே ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை (உலாவியில் அதன் முகவரியைக் கொடுத்தால் வரும் பக்கம்) திறப்பார்கள். அதற்குள் முகவரிகள் ஒன்றோடொன்று மோதி, பிழை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றே சொல்ல முடியாத நிலை வந்திருக்கும். கீழே உள்ள வரிசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேபிள்தான் புதிதாகச் சேர்கிறது. ஆகவே ஏதாவது வேலை செய்யாவிட்டால், கடைசியாகச் சேர்த்ததைப் பார்த்தால் போதும்.

1. கேபிளைத் தொடுவதற்கு முன் தாளில் முடிவு செய்ய வேண்டியவை

எந்த இணைப்பு முதன்மை, எது மாற்று என்பதை முதலில் எழுதி வையுங்கள். ரூட்டர்களில் பொதுவாக இரண்டு முறைகள் இருக்கும்: ஒன்று நின்றால் மட்டும் மற்றொன்றுக்கு மாறுவது ஒரு முறை; இரண்டிலும் சுமையைப் பகிர்ந்து அனுப்புவது மற்றொரு முறை. பணம் கொடுத்து வாங்கிய இரண்டையும் எப்போதும் பயன்படுத்தலாமே என்று பலரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஒரே பயனருடைய கோரிக்கைகள் இரண்டு வெவ்வேறு ஐ.பி. முகவரிகளிலிருந்து போகும்போது வங்கித் தளங்களும் சில அரசுத் தளங்களும் அவரைப் பாதியில் வெளியேற்றிவிடும். முதலில் மாறும் முறையையே வையுங்கள். தேவை தெளிவாகத் தெரிந்த பிறகு பகிர்வைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது முகவரித் திட்டம். பல மோடம்கள் 192.168.1.1 என்ற முகவரியோடு வருகின்றன. நீங்கள் வாங்கிய ரூட்டரும் அதே முகவரியோடு வந்திருக்கலாம். தன் இரு பக்கமும் ஒரே முகவரித் தொகுதி (இங்கே, முகவரியின் முதல் மூன்று எண்கள்) இருந்தால், ஒரு தரவுப் பொட்டலத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரூட்டரால் தீர்மானிக்க இயலாது. ஆகவே மூன்று இடங்களுக்கும் மூன்று வெவ்வேறு தொகுதிகளை ஒதுக்குங்கள். இந்த வழிகாட்டியில் முதல் மோடத்துக்கு 192.168.10.1, இரண்டாம் மோடத்துக்கு 192.168.20.1, ரூட்டரின் அலுவலகப் பக்கத்துக்கு 192.168.50.1 என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதாக, தெருவுக்குப் போய் இரண்டு இணைப்புகளும் எந்த வழியாகக் கட்டிடத்துக்குள் வருகின்றன என்று பாருங்கள். இரண்டு ஃபைபர்களும் ஒரே மின்கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், உயரமாகச் சரக்கேற்றிய ஒரு லாரி இரண்டையும் சேர்த்தே இழுத்துப்போட்டுவிடும். எதிர்த்திசையிலிருந்து இரண்டாவதைக் கொண்டுவரச் சொல்லலாம்; முடியாதபோது சிம் போட்ட 4ஜி அல்லது 5ஜி மோடத்தை மாற்றாக வைப்பது, அதே கம்பத்தில் வரும் வேகமான ஃபைபரைவிடப் பயனுள்ளது.

2. கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மோடம்களுக்குமான அமைப்புப் பக்கக் கடவுச்சொற்கள், ஈதர்நெட் போர்ட் உள்ள ஒரு மடிக்கணினி, கேபிள் டெஸ்டர், அழியாத மையுள்ள பேனா, லேபிள் ஒட்டு ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கடவுச்சொல் பெரும்பாலும் மோடத்தின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். சுவரில் திருகி மாட்டிய பிறகு அதைப் படிக்க முடியாது என்பதால், முதலிலேயே படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கேபிள் வாங்கும்போது தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில சுருள்கள், அலுமினியக் கம்பியின்மேல் தாமிரப் பூச்சு கொடுத்தவை, இவற்றை சி.சி.ஏ. என்பார்கள். கம்பியின் முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளை நிறம் தெரியும். இரண்டு மூன்று முறை வளைத்தாலே முறிந்துபோகும் இந்தக் கம்பி, ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடக்க வேண்டிய மாற்று இணைப்புக்கு ஏற்றதல்ல. கேட் 5இ ஜிகாபிட் வேகத்துக்குப் போதும். புதிதாக இழுப்பதானால் கேட் 6 வாங்கலாம். எதுவானாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

மோடம்களும் ரூட்டரும் ஒரே ராக்கில் இருந்தால், கடையில் தயாராகக் கிடைக்கும் பேட்ச் கார்டுகளையே இரண்டு நிறங்களில் வாங்குங்கள்: முதன்மைக்கு நீலம், மாற்றுக்கு மஞ்சள் என்பதுபோல. முனையில் கையால் கட்டிய தலையைவிட (பிளக்கைவிட) அவை நம்பகமானவை.

3. கேபிளுக்குத் தலை கட்டுதல்

நீளம் காரணமாக நீங்களே கட்ட வேண்டியிருந்தால், இரு முனையிலும் டி568பி முறையைப் பின்பற்றுங்கள். ஆர்.ஜே.45 தலையின் கொக்கியைக் கீழ்ப்பக்கம் வைத்து, உலோகத் தகடுகள் மேலே தெரியும்படியும் கம்பி நுழையும் வாய் உங்களை நோக்கி இருக்கும்படியும் பிடித்தால், இடமிருந்து வலமாக வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

இங்கே ஒரு பிழை டெஸ்டருக்கே தெரியாமல் தப்பித்துவிடும். ஆரஞ்சு இணை, பச்சை இணை, நீல இணை, பழுப்பு இணை என்று அடுத்தடுத்து வரிசையாக வைத்து, இரு முனையிலும் அதையே செய்தால், டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்குகள் ஒழுங்காகவே எரியும். ஆனால் 3, 6 என்ற இரு ஊசிகளும் ஒரே முறுக்கிணையில் இருக்க வேண்டும் என்ற விதி உடைந்திருக்கும். முறுக்குதான் குறுக்கீட்டை விலக்குகிறது. அது போனால் இணைப்பு வரும், வேகம் வராது, சற்று நீளமான கேபிளில் அடிக்கடி அறுந்தும் போகும். டெஸ்டர் சரி என்கிறது, இணையம் மட்டும் இழுக்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் குனிந்து பார்ப்பது பச்சைக் கம்பிகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான்.

தலைக்குள் செலுத்துவதற்காக முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கேபிளின் வெளியுறையும் தலைக்குள் சிறிது நுழைந்திருக்க வேண்டும்; கிரிம்ப் செய்யும்போது (கருவியால் தலையை அழுத்தி இறுக்கும்போது) அழுந்தும் தாழ் அந்த உறையைப் பிடித்தால்தான், கேபிளை இழுக்கும் விசை மெல்லிய கம்பிகளின்மேல் விழாது.

100 மெகாபிட் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் தேவை. 200 மெகாபிட் திட்டம் வாங்கிய இடத்தில் 95-ஐத் தாண்டவில்லை என்றால், சேவை நிறுவனத்தை அழைப்பதற்கு முன் மற்ற நான்கு கம்பிகளைச் சோதியுங்கள்.

4. ஒவ்வொரு மோடத்தையும் தனியாகச் சோதித்தல்

ரூட்டரை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, முதல் மோடத்தின் லேன் 1 போர்ட்டில் (LAN, உள் வலைக்கான துளை) கேபிளைச் செருகி, இணையம் வருகிறதா என்று பாருங்கள். வேக அளவை எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு முன்னே போனால், பின்னால் வரும் எந்தக் குறையும் ரூட்டருடையதா சேவை நிறுவனத்துடையதா என்ற வாக்குவாதத்திலேயே பொழுது போய்விடும்.

பின்னர் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் அதன் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றிச் சேமியுங்கள். சேமித்த கணமே திரை உறைந்துவிடும். மோடம் கெட்டுவிட்டதென்று ரீசெட் பொத்தானை அழுத்துபவர்கள் உண்டு. உண்மையில் மடிக்கணினி இன்னும் பழைய முகவரியையே வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கேபிளைப் பிடுங்கி மீண்டும் செருகி, புதிய முகவரியில் திறந்தால் பக்கம் வரும். ரீசெட் செய்தால் சேவை நிறுவனம் போட்டுக்கொடுத்த அமைப்பும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும்.

அடுத்து, அந்த மோடத்தின் வைஃபையை அணையுங்கள். தயவுசெய்து இதை ஒத்திப்போட வேண்டாம். மோடத்தின் வைஃபை உயிரோடிருந்தால் ஊழியர்களின் கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் பழைய பழக்கத்தில் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அவை ரூட்டர் வழியாகப் போவதே இல்லை. முதன்மை இணைப்பு அறும் நாளில் ரூட்டர் ஒழுங்காக மாறியிருந்தாலும், பாதிப் பேர் இணையம் இல்லை என்பார்கள்.

இரண்டாம் மோடத்துக்கும் இதே வேலையை 192.168.20.1 என்ற முகவரியோடு செய்யுங்கள்.

மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (இணைப்பை அப்படியே ரூட்டரிடம் கடத்திவிடும் முறை) மாற்றி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரூட்டரிலேயே கொடுத்து பி.பி.பி.ஓ.இ. என்ற உள்நுழைவு முறையில் இணைவது இன்னும் தூய்மையான அமைப்பு. ஆனால் அதற்குச் சேவை நிறுவனத்தின் ஒத்துழைப்பு வேண்டும். மோடம் மாற்றப்படும்போதெல்லாம் மீண்டும் கேட்க வேண்டியும் வரும். பில்லிங், மின்னஞ்சல், காணொளிக் கூட்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே இணையம் தேவைப்படும் இடங்களில் மோடத்தை அதன் வழக்கமான முறையிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் பாதுகாப்பாக நுழையும் வி.பி.என். இணைப்பு தேவைப்பட்டால்தான் பிரிட்ஜுக்காகப் போராட வேண்டும்.

5. ரூட்டரின் போர்ட்டுகளுக்கு வேலை ஒதுக்குதல்

இப்போது ரூட்டருக்கு மின்சாரம் கொடுத்து, அதன் லேன் போர்ட்டில் மடிக்கணினியை மட்டும் இணையுங்கள். முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள்.

பல ரூட்டர்களில் இரண்டாவது வேன் போர்ட் தொழிற்சாலையிலிருந்து வரும்போது லேன் போர்ட்டாகவே இருக்கும். அமைப்புப் பக்கத்தில் மாற்றினால்தான் அது வேன் 2 ஆகும். மாற்றுவதற்கு முன்பே மோடம் கேபிளைச் செருகினால், மோடத்தின் டி.எச்.சி.பி. சேவை (கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்குவது) அலுவலக வலைக்குள் கசிந்து, சில கணினிகளுக்கு ரூட்டரும் சிலவற்றுக்கு மோடமும் முகவரி வழங்கத் தொடங்கும். அதனால் ஒரு மேசையில் இணையம் வரும், பக்கத்து மேசையில் பிரின்டர் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கேபிளுக்கு முன் போர்ட் என்ற வரிசையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

6. மோடம்களிலிருந்து ரூட்டருக்குக் கேபிள்

முதல் மோடத்தின் லேன் 1 போர்ட்டிலிருந்து ரூட்டரின் வேன் 1 போர்ட்டுக்கு நீலக் கேபிளை இணையுங்கள். ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும் வரை அழுத்தி, பிறகு லேசாக இழுத்துப் பாருங்கள். கொக்கி உடைந்த கேபிளை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். வேன் 1-க்கு 192.168.10 தொகுதியில் முகவரி கிடைத்து, மடிக்கணினியில் இணையம் வந்த பிறகே அடுத்த கேபிளைத் தொட வேண்டும்.

சில மோடம்களில் ஒரு போர்ட் மட்டுமே ஜிகாபிட் வேகமுடையது, மற்றவை 100 மெகாபிட். வேறு சிலவற்றில் ஒரு போர்ட் தொலைக்காட்சிப் பெட்டிக்கென ஒதுக்கப்பட்டிருக்கும்; அதில் செருகினால் விளக்கு எரியும், முகவரி வராது. ஐயம் வந்தால், படி 4-இல் வேலை செய்ததாக உறுதிசெய்த அதே போர்ட்டுக்குத் திரும்புங்கள்.

பிறகு நீலக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இரண்டாம் மோடத்திலிருந்து வேன் 2-க்கு மஞ்சள் கேபிளை இணைத்து, அது தனியாக இணையம் தருகிறதா என்று பாருங்கள். இரண்டும் செருகியிருக்கும்போது சோதித்தால், நீங்கள் பார்ப்பது எந்த வழியாக வருகிறது என்று தெரியாது. தனியாக வேலை செய்த பிறகு நீலத்தை மீண்டும் செருகுங்கள்.

7. ஸ்விட்சுக்கு ஒரே ஒரு கேபிள்

ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிள் மட்டும் போக வேண்டும். மோடத்திலிருந்து ஸ்விட்சுக்கு எந்தக் கேபிளும் போகக் கூடாது. ‘கூடுதல் பாதுகாப்புக்காக’ ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே இரண்டாவது கேபிள் போடுவதையும் பார்த்திருக்கிறேன். சாதாரண ஸ்விட்சில் இது வளையமாகி, ஒளிபரப்புப் பொட்டலங்கள் (வலையிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பப்படுபவை) முடிவின்றிச் சுற்றத் தொடங்கும். ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வேகமாகத் துடித்தால், வளையம் உருவாகியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

8. மின்சாரமும் இடியும்

இரண்டு மோடம்களும் ரூட்டரும் ஸ்விட்சும் யு.பி.எஸ்.-இல் இருக்க வேண்டும். ஸ்விட்சை மறந்துவிடுவது வழக்கம். இயலுமானால் இரண்டு மோடம்களையும் வேறு வேறு பிளக் பலகைகளில் மாட்டுங்கள். ஒரே பலகையின் ஃபியூஸ் போனால் இரண்டு இணைப்புகளும் சேர்ந்தே போகும். அடாப்டர்களின் முனைகள் ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் ஆம்பியர் வேறுபடலாம் என்பதால், எது எதற்கு என்று லேபிள் ஒட்டுங்கள்.

உள்ளூர் கேபிள் நிறுவனம் மாடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ தாமிர ஈதர்நெட் கேபிளாகவே இணைப்பை இறக்கினால், ஃபைபராகத் தரும்படி கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி விழும்போது, திறந்தவெளியில் ஓடும் தாமிரக் கேபிள் வழியாக வரும் மின்பாய்ச்சல் ரூட்டரை எரித்தால், மற்ற இணைப்பு நன்றாக இருந்தும் பயனில்லை.

9. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ரூட்டருக்குத் தெரிவித்தல்

தெருவில் ஃபைபர் அறுந்தாலும் மோடத்துக்கும் ரூட்டருக்கும் இடையிலான கேபிள் நன்றாகவே இருக்கும். ரூட்டரின் வேன் 1 விளக்கும் எரிந்துகொண்டேதான் இருக்கும். விளக்கை மட்டும் நம்பும் ரூட்டர் மாறவே மாறாது. ஆகவே வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு அவ்வப்போது பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பி, பதில் வராவிட்டால் மாறும்படி அமைக்க வேண்டும். வேன் 1-க்கு 8.8.8.8, வேன் 2-க்கு 1.1.1.1 என்று வெவ்வேறு முகவரிகளைக் கொடுங்கள்.

அலுவலகக் கணினிகளுக்கான டி.என்.எஸ். (தளங்களின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிகளாக இதே இரண்டையும் கொடுக்க வேண்டாம். சில ரூட்டர்கள் கண்காணிப்பு முகவரியை அந்தந்த வேன் போர்ட்டோடு பிணைத்துவிடும். வேன் 1 அறுந்தால் 8.8.8.8 எந்த வழியிலும் கிடைக்காது. 8.8.4.4, 1.0.0.1 ஆகியவற்றை டி.என்.எஸ்.-க்கு வைத்துக்கொள்ளலாம். சேவை நிறுவனத்தின் சொந்த டி.என்.எஸ்.-ஐயும் தவிர்ப்பது நல்லது. அவற்றுள் பல தம் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதால், மற்ற இணைப்புக்கு மாறியதும் பெயர்கள் திறக்காது.

ஐந்து வினாடிக்கு ஒரு பிங், தொடர்ந்து நான்கைந்து தோற்றால் மாற்றம் என்பது பொதுவாகப் பொருந்தும். திரும்பி வருவதற்கு மட்டும் ஓரிரு நிமிடம் பொறுக்கும்படி வையுங்கள். அரைகுறையாக அறுந்த ஃபைபர் வந்து வந்து போகும். உடனுக்குடன் திரும்பினால் ஒவ்வொரு முறையும் காணொளிக் கூட்டங்கள் அறும்.

10. சோதனை

பெரும்பாலானோர் நீலக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, மாறுகிறது என்று திருப்தியடைகிறார்கள். அது விளக்கு அணைவதை மட்டுமே சோதிக்கிறது. படி 9-இல் செய்த அமைப்பைச் சோதிக்கவே இல்லை.

ஃபைபரைக் கழற்றியும் சோதிக்கலாம். ஆனால் அதன் முனையில் படியும் தூசியும் விரல் எண்ணெயும் புதிய குறையை உண்டாக்கும். அதைவிட எளிய வழி உண்டு. முதல் மோடத்துக்கும் வேன் 1-க்கும் இடையில் ஒரு சிறிய ஐந்து போர்ட் ஸ்விட்சைத் தற்காலிகமாக வையுங்கள். மடிக்கணினியில் 9.9.9.9 முகவரிக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டு, மோடம் பக்கக் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். வேன் 1 விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், இணையம் மட்டும் நின்றிருக்கும். தெருவில் ஃபைபர் அறுந்த நிலை இதுவே. சில வரிகள் பதிலின்றிப் போய், பிறகு பதில் வரத் தொடங்க வேண்டும்.

ஒரு நிமிடம் கடந்தும் வராவிட்டால், அந்தப் பிங்கை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். சில ரூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொடர்பை அறுந்த வழியிலேயே பிடித்துவைத்திருக்கும். புதிதாகத் தொடங்கியது சரியான வழியில் போகும். இதே காரணத்தால், மாறும் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் அறுவதும் இயல்பே. வெளி முகவரியே மாறுகிறது என்பதால் அதை இந்த அமைப்பால் தடுக்க முடியாது.

கேபிளைத் திரும்பச் செருகி, சொன்ன நேரத்தில் முதன்மைக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். பிறகு தற்காலிக ஸ்விட்சை அகற்றி, நீலக் கேபிளை நேரடியாக இணையுங்கள். கடைசியாக யு.பி.எஸ்.-க்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, நான்கு பெட்டிகளும் ஓடுகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள்.

11. எழுதி ஒட்ட வேண்டியது

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ‘மோடம் 1 - வேன் 1’ என்பதுபோல லேபிள் ஒட்டுங்கள். மூன்று முகவரிகள், வாடிக்கையாளர் எண்கள், புகார் எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ராக்கின் உட்புறத்தில் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை அங்கே எழுத வேண்டாம்.

மாற்று இணைப்பு பயன்படாமலே கிடப்பதால், அதன் கட்டணம் கட்டாமல் விட்டதோ சிம்மின் ரீசார்ஜ் முடிந்ததோ யாருக்கும் தெரியாது; முதன்மை அறும் அன்றுதான் தெரியவரும். இரண்டாவது இணைப்புக்குப் பணம் கட்டும் அதே நாளில் நீலக் கேபிளைச் சில நிமிடங்கள் பிடுங்கி வைத்து, மஞ்சளில் பில் போட முடிகிறதா என்று பார்க்கும்படி கணக்குப் பிரிவில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சிம் மோடமாக இருந்தால், மாறிய நேரத்தில் கணினிகளின் தானியங்கிப் புதுப்பிப்புகள் டேட்டாவைக் குடித்துவிடாதபடி, வேன் 2-இல் ஒவ்வொரு கணினிக்கும் வேக வரம்பையும் போட்டுவையுங்கள்.